அரை சீஸன், முழு விலை

மலர்க்குழுவினர் "சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும்" என்று கேட்டார்கள். பல்லவர் காலம், பாளையக்காரர் காலம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது டி.வி.டி. காலம். சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் 1997-ல் கடைக்கு வந்து, பத்தே வருஷத்தில் உச்சிக்குப் போய், அப்புறம் மளமளவென்று சரிந்த ஒரு சாம்ராஜ்யம் அது. அதன் கடைசிக் காலத்தில் பழைய தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதை யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

நம் விடுதியில் பெர்ரி மேசனைத் தெரியாதவர் யாரும் இருந்திருக்க முடியாது. ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் நாவல்கள் லெண்டிங் லைப்ரரியிலிருந்து வரும், அறை அறையாகச் சுற்றும், கடைசிப் பத்துப் பக்கம் இல்லாமல் நம் கைக்கு வந்து சேரும். கொலையாளி யார் என்று தெரியாமலே பரீட்சைக்குப் போனவர்கள் நம்மில் பலர். அதே பெர்ரி மேசன் அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1957 முதல் 1966 வரை ஒன்பது சீஸன், 271 எபிசோடுகள் ஓடியது. மேசனாக ரேமண்ட் பர். கறுப்பு வெள்ளை. அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. அந்தத் தலைமுறைதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன்.

"சீஸன்" என்பது அந்த நாட்டு வழக்கு. செப்டம்பர் வாக்கில் தொடங்கி வசந்தம் வரை வாரம் ஒன்றாகக் காட்டுவார்கள். கோடையில் பழையதையே திருப்பிப் போடுவார்கள். இன்றைக்கு ஒரு சீஸன் என்றால் எட்டு, பத்து எபிசோடு. அன்றைக்கு அப்படியில்லை, உழைத்தார்கள். பெர்ரி மேசன் முதல் சீஸனில் மட்டும் 39 எபிசோடு. அதுவும் விளம்பரம் போக ஒவ்வொன்றும் ஐம்பது நிமிஷத்துக்கு மேல். பின்னாளில் அதே ஒரு மணி நேரத் தொடரில் கதை நாற்பத்து மூன்று நிமிஷத்துக்குச் சுருங்கிப்போனது. மிச்சமெல்லாம் சோப்பும் காரும்.

இந்தத் தொடர்கள் எல்லாம் ஃபிலிமில் எடுக்கப்பட்டதால் பிழைத்துக் கிடந்தன. ஆனால் எடுத்தவர்கள் ஒருவர்கூட, இதை ஜனங்கள் காசு கொடுத்து வாங்கி வீட்டில் அலமாரியில் வைப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. நடிகர் ஒப்பந்தம், பாட்டு ஒப்பந்தம், வாத்திய இசை ஒப்பந்தம் எல்லாமே ஒளிபரப்புக்கு மட்டும் எழுதப்பட்டவை. இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இதுதான் வந்து கழுத்தைப் பிடிக்கப்போகிறது.

வீடியோ கேசட் காலத்தில் முழு சீஸன் என்ற பேச்சே கிடையாது. ஒரு கேசட்டில் இரண்டு, மூன்று எபிசோடு. தபால் மூலம் மாதாமாதம் சந்தா கட்டி வாங்குவார்கள். வரிசையும் கிடையாது, கணக்கும் கிடையாது. டி.வி.டி. வந்த புதிதிலும் அதே புத்திதான். எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் நாம் பார்த்த ஸ்டார் டிரெக் ஞாபகம் இருக்கிறதல்லவா, அதை 1999 முதல் 2001 வரை தட்டுக்கு இரண்டு எபிசோடு வீதம் நாற்பது தட்டுகளாக விற்றார்கள். தட்டு ஒன்று ஏறக்குறைய இருபது டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பதையும் வாங்கி முடித்த புண்ணியவான்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, 2004-ல் அதே ஸ்டார் டிரெக் சீஸனுக்கு ஒரு பெட்டியாக, மூன்றே பெட்டியில் வந்து நின்றது!

முழு சீஸனையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கலாம் என்று துணிந்து காட்டியது 2000-ல் வந்த எக்ஸ்-ஃபைல்ஸ் முதல் சீஸன். ஏழு தட்டு, அட்டை விலை 150 டாலருக்குப் பக்கம். யார் வாங்குவான் என்று வியாபாரிகள் நினைத்தார்கள். வாங்கினார்கள், அதுவும் வரிசையில் நின்று. அதைப் பார்த்த பிறகு ஹாலிவுட்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தன் கிடங்கில் தூங்கும் பழைய ஃபிலிம் டப்பாக்கள் எல்லாம் தங்கக்கட்டியாகத் தெரிய ஆரம்பித்தன. 2002-க்கும் 2006-க்கும் நடுவில் வெளிவந்த தொடர்களுக்குக் கணக்கே இல்லை. விலையும் இறங்கி, நாற்பது ஐம்பது டாலருக்கு ஒரு முழு சீஸன் என்ற நிலைமை வந்தது. ரசிகனுக்கு அது பொற்காலம். சீஸனுக்கு ஒரு பெட்டி, பெட்டியின் முதுகில் ஒரு எண், அலமாரியில் வரிசையாக அடுக்கினால் கண் நிறைந்திருக்கும்.

2006 ஜூலையில் பெர்ரி மேசன் வந்தது. ஆசையோடு கடைக்கு ஓடியவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். "முதல் சீஸன், முதல் வால்யூம்" என்று போட்டிருந்தது. உள்ளே 19 எபிசோடு. விலையோ ஏறக்குறைய வேறு கம்பெனிகளின் முழு சீஸன் விலை!

சி.பி.எஸ்., பாரமவுண்ட் கூட்டாக வெளியிட்ட பழைய தொடர்களில் இந்த அரை சீஸன் ஏற்பாடு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கன்ஸ்மோக் (1955 முதல் 1975 வரை இருபது சீஸன், 635 எபிசோடு) முதல் சீஸன் முழுசாக வந்தது, இரண்டாவதிலிருந்து இரண்டு துண்டு. ராஹைடு அப்படியே. ஃபியூஜிடிவ் ஆரம்பத்திலிருந்தே துண்டு. ஒரு சீஸனை முழுசாகக் கொடுத்து ருசி காட்டிவிட்டு அடுத்ததைப் பாதியாக வெட்டினால் வயிறு எரியுமா எரியாதா?

கம்பெனி தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 39 எபிசோடு, ஒவ்வொன்றும் ஐம்பது நிமிஷம் என்றால் ஒரு பெட்டிக்குப் பத்து தட்டு. பழைய நெகடிவைத் துடைத்து, கீறல் எடுத்து, புதிதாக மாற்றப் பணம் ஆகும். எண்பது டாலர் என்று விலைச்சீட்டு ஒட்டினால் வாடிக்கையாளர் தொடவே பயப்படுவார். நாற்பது, நாற்பதாக இரண்டு தடவை கேட்டால் கொடுத்துவிடுவார். நம் ஊரில் சீட்டுக் கம்பெனிக்காரரும் தவணை வியாபாரியும் பரம்பரையாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் சூட்சுமம்தான். தவிர, பழைய தொடரை வாங்குகிறவர் தொகை சின்னது. ஒரு பாதி விற்பனையைப் பார்த்துவிட்டு அடுத்த பாதிக்குப் பணம் போடலாம் என்பது அவர்கள் ஜாக்கிரதை.

ஆனால் இந்த நியாயம் பெர்ரி மேசன் முதல் சீஸனோடு தீர்ந்துபோகிறது. மூன்றாவது சீஸனில் இருப்பது 26 எபிசோடுதான். அதுவும் இரண்டு பெட்டி. அதே கம்பெனி அதே 2006-ல் மிஷன் இம்பாஸிபிள் முதல் சீஸனின் 28 எபிசோடையும் ஏழு தட்டில், ஒரே பெட்டியில் போட்டு விற்றது. 28-ஐ ஒரு பெட்டியில் அடக்கத் தெரிந்தவர்களுக்கு 26 மட்டும் எப்படி அடங்காமல் போகும்? தட்டுக் கணக்கு ஒரு சாக்கு. பெர்ரி மேசன் ரசிகன் எத்தனை துண்டு போட்டாலும் வாங்குவான் என்று தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான் சமாசாரம்.

சரி, பணம் இருக்கிறவன் வாங்குகிறான், இல்லாதவன் விட்டுவிடுகிறான், இதில் என்ன பெரிய கஷ்டம் என்று சிலர் கேட்கலாம். கஷ்டம் விலையில் பாதி, காத்திருப்பதில் பாதி. ஒன்பது சீஸன், பதினெட்டு வால்யூம். வருஷத்துக்கு இரண்டு, மூன்று என்று வந்து, கடைசி வால்யூம் வெளியானபோது 2013. 1957-ல் இருபது வயதில் முதல் எபிசோடைப் பார்த்தவருக்கு டி.வி.டி. ஆரம்பித்தபோதே 69 வயது. முடிந்தபோது 76. "முடிகிறவரை நான் இருப்பேனா" என்று அந்த ரசிகர்கள் கேட்டது தமாஷுக்கு இல்லை. இருபது சீஸன் கன்ஸ்மோக் முழுசாக முடிய 2020 ஆயிற்று. எத்தனை வீட்டு அலமாரிகளில் பதினோராவது சீஸனோடு வரிசை நின்றுபோயிருக்கும், வாங்க ஆள் இல்லாமல்.

இதில் ஒரு தர்மசங்கடம் வேறு. முதல் ஆளாக வாங்கினால் முழு விலை. கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும். இன்னும் பொறுத்தால் மொத்தத் தொடரும் ஒரே பெட்டியில் சகாயமாக வரும். ஆகவே புத்திசாலி காத்திருப்பான். ஆனால் எல்லோரும் புத்திசாலியாகி விட்டால் முதல் வால்யூம் விற்காது, "வரவேற்பு இல்லை" என்று கம்பெனி அடுத்ததை நிறுத்திவிடும். அவசரப்பட்டு வாங்கினவனுக்குப் பணம் நஷ்டம், பொறுமையாக இருந்தவனுக்குத் தொடரே நஷ்டம். ரசிகர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டானது. "நீங்கள் வாங்காததால்தான் நின்றது" என்று ஒரு கட்சி. "நீங்கள் கேட்ட விலையைக் கொடுத்ததால்தான் துண்டு போடுகிறான்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேருமே சொன்னது வாஸ்தவம்.

நின்றுபோனவற்றின் பட்டியல் சின்னதல்ல. மேரி டைலர் மூர் ஷோ என்று எழுபதுகளில் பெரும்பேர் பெற்ற நகைச்சுவைத் தொடர். முதல் சீஸன் 2002-ல் வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. இரண்டாவது சீஸனுக்கு 2005 வரை தேவுடு காக்க வேண்டியிருந்தது, ஏழாவது 2010-ல். ஹில் ஸ்ட்ரீட் புளூஸ் போலீஸ் தொடர் 2006-ல் இரண்டு சீஸனோடு நின்றது. ஷௌட் ஃபேக்டரி என்ற சின்னக் கம்பெனி உரிமையை வாங்கி 2014-ல் முழுத் தொகுப்பாகப் போட்ட பிறகுதான் விமோசனம். அதற்குள் முதல் இரண்டு சீஸனை வாங்கி வைத்திருந்தவர்கள் அதையே மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

மறுபடி வாங்க வைப்பதில் இன்னொரு வித்தையும் உண்டு. சீஸன் சீஸனாக வந்துகொண்டிருக்கும்போதே நடுவில் "பொன்விழாத் தொகுப்பு" என்று ஒன்றை இறக்குவார்கள். பெர்ரி மேசனுக்கு 2008-ல் வந்தது. பல சீஸன்களிலிருந்து பொறுக்கி எடுத்த எபிசோடுகள். அப்போது பிற்பகுதி சீஸன் ஒன்றுகூட வெளிவந்திருக்கவில்லை. முழுத் தொடரும் வந்து முடியுமா என்பதே சந்தேகம் என்னும்போது ரசிகன் என்ன செய்வான்? கிடைத்தவரை லாபம் என்று வாங்குவான். பின்னால் அதே எபிசோடுகள் அதனதன் சீஸன் பெட்டியில் மறுபடி வரும்.

ஃபியூஜிடிவ் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹாரிசன் ஃபோர்டு நடித்து 1993-ல் படமாக வந்ததே, அதன் மூலம் இந்தத் தொடர்தான். 1963 முதல் 1967 வரை நான்கு சீஸன், 120 எபிசோடு. செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்ற டாக்டர், தப்பித்து ஊர் ஊராக ஒற்றைக்கை மனிதனைத் தேடுகிறார். டாக்டராக டேவிட் ஜான்ஸன். 1967 ஆகஸ்ட் 29-ஆம் தேதி கடைசி எபிசோடு ஓடிய நேரத்தில் அமெரிக்காவில் டி.வி. போட்டிருந்த வீடுகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதைத்தான் பார்த்தன.

இதை 2007-லிருந்து எட்டு அரை சீஸன்களாக வெளியிட்டார்கள். முதல் இரண்டு பெட்டிவரை முணுமுணுப்பு விலையைப் பற்றித்தான். 2008-ல் இரண்டாவது சீஸன் முதல் பாதி வந்தது. போட்டுப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. படம் அதே படம், வசனம் அதே வசனம், பின்னணி இசை வேறு! பழைய இசையில் பெரும்பகுதியை உருவிவிட்டுப் புதிதாகச் சிந்தஸைசரில் வாசித்துப் போட்டிருந்தார்கள்.

காரணம் முன்பே சொன்ன ஒப்பந்த விவகாரம். அந்தத் தொடருக்குப் பீட் ருகோலோ போட்ட இசையோடு கூட, இசை நூலகங்களிலிருந்து வாடகைக்கு எடுத்த துணுக்குகளையும் ஒட்டியிருந்தார்கள். அன்றைய வழக்கம் அது. ஒரு எபிசோடில் எத்தனையோ துணுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர். நாற்பது வருஷம் கழித்து யாரைத் தேடிப் பிடித்து அனுமதி கேட்பது? கேட்டுக்கொண்டிருப்பதைவிட மொத்தத்தையும் மாற்றிவிடலாம் என்று வக்கீல்கள் யோசனை சொல்லியிருப்பார்கள். வக்கீல்களுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ராத்திரி வேளை, ஆளில்லாத ரயிலடி, ஓடுகிறவன் திரும்பிப் பார்க்கிறான், அந்த இடத்தில் மனசை அழுத்திய இசையைத்தானே நாற்பது வருஷமாக அவர்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள்? வசனம் யாருக்கு ஞாபகம் இருக்கும்.

ரசிகர்கள் விடவில்லை. எந்த எபிசோடில் எந்தக் காட்சியில் என்ன இசை போயிற்று என்று நிமிஷக் கணக்கோடு எழுதி அனுப்பினார்கள். கடைசியில் கம்பெனி இறங்கி வந்து, பழைய இசையில் பெரும்பகுதியைத் திரும்பச் சேர்த்து மாற்றுத் தட்டு கொடுத்தது. இந்த மாதிரித் தொடர்களின் வரலாற்றில் ரசிகர்கள் ஜெயித்த அபூர்வமான வழக்கு இது. ஜெயித்த சந்தோஷமும் நீடிக்கவில்லை. எட்டாவது பெட்டி 2011 ஆரம்பத்தில் வந்தது, அதே வருஷக் கடைசியில் மொத்தத் தொடரும் ஒரே தொகுப்பாக வந்தது! எட்டுப் பெட்டியும் வாங்கினவன் எப்படித் தூங்குவான்? அந்தத் தொகுப்பிலும் இசையைப் பற்றி மறுபடி புகார் கிளம்பியது தனிக்கதை.

இசையால் அடிபட்டது ஃபியூஜிடிவ் மட்டுமில்லை. டபிள்யு.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி என்று ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிய தொடர், கதையே பாட்டுப் போடுகிறவர்களைப் பற்றியது. 2007-ல் டி.வி.டி.யாக வந்தபோது அசல் பாட்டுகளில் பல காணோம். வானொலி நிலையத்தில் யாருக்கும் தெரியாத பாட்டு ஓடினால் எப்படி இருக்கும்? கல்யாண வீட்டில் மைக் செட்காரர் மௌனவிரதம் இருந்த மாதிரி. 2014-ல் ஷௌட் ஃபேக்டரிதான் பெரும்பாலான பாட்டுக்கு உரிமை வாங்கிப் போட்டது. ஒண்டர் இயர்ஸ் தொடர் பாட்டு உரிமைக்காகவே 2014 வரை முழுசாக வெளிவரவில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. டி.வி.டி.க்கு உலகத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அமெரிக்கா முதல் மண்டலம், இந்தியா ஐந்தாவது. அமெரிக்காவிலிருந்து யாராவது பிரியமாக ஒரு பெட்டி வாங்கி வந்தால், இங்கே பிளேயர் அதைத் துப்பிவிடும். ரிச்சி தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனால் ரிமோட்டில் நாலு பொத்தானை அழுத்தி "இனிமே எல்லாம் பாடும் சார்" என்று கொடுத்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். பெரிய கம்பெனிகளின் சட்டதிட்டமெல்லாம் ரிச்சி தெருவரைக்கும்தான்.

அமெரிக்காவில் டி.வி.டி. விற்பனை 2006 வாக்கில் உச்சம் தொட்டு, 2008-ல் பொருளாதாரம் சரிந்தபோது கூடவே இறங்கியது. நெட்ஃபிளிக்ஸ் 2007-லேயே படங்களை நேரடியாக வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. 2009-ல் வார்னர் கம்பெனி புதுவழி கண்டது. முன்கூட்டி ஆயிரக்கணக்கில் அடித்துக் கிடங்கில் அடுக்காமல், ஒருவர் கேட்டால் ஒரு தட்டு பதித்துத் தருவது. பழைய படங்களுக்கும் தொடர்களுக்கும் அது பிராண வாயு மாதிரி. அரை சீஸனைவிட யோக்கியமான ஏற்பாடு என்று என் கட்சி. வாங்குகிறவர் குறைவு என்றால் குறைவாக அடி, வாங்குகிறவனைப் பாதியில் தொங்கவிடாதே.

துண்டு போடுவது தட்டோடு ஒழிந்துவிடவில்லை. பிரேக்கிங் பேட் தொடரின் ஐந்தாவது சீஸன் 2012-லும் 2013-லும் இரண்டு பாதியாக ஓடியது. ஆப்பிளிடம் "முழு சீஸன்" என்று முன்பணம் கட்டியவர்களிடம் இரண்டாவது பாதிக்குத் தனியாகக் காசு கேட்டபோது ஒரு ரசிகர் கோர்ட்டுக்கே போய்விட்டார். ஆப்பிள் 22.99 டாலரை வாங்கினவர்களுக்கு வரவு வைத்தது. பெர்ரி மேசன் ரசிகர்களில் ஒருவருக்கும் இந்த யோசனை தோன்றவில்லையே! இத்தனைக்கும் அவர்கள் பார்த்ததெல்லாம் கோர்ட் நாடகம்தான்.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பதினெட்டுப் பெட்டியும் கடைசியில் வந்து சேர்ந்தன. விளம்பரத்துக்காக உள்ளூர் நிலையங்கள் வெட்டி வெட்டிக் காட்டிய எபிசோடுகளை, ஐம்பது வருஷத்துக்கு முன் ஓடிய நீளத்துக்குப் பக்கத்தில், பளிச்சென்ற கறுப்பு வெள்ளையில் மறுபடி பார்க்க முடிந்தது அந்த வால்யூம்களால்தான். நம் விடுதியில் கடைசிப் பத்துப் பக்கம் கிழிந்த நாவல்களில் பலவற்றின் கதையும் அவற்றில் இருக்கிறது. கொலையாளி யார் என்று இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

பதினெட்டாவது பெட்டியில் கடைசியாக வருவது 1966 மே 22-ல் ஓடிய எபிசோடு. ஒரு டி.வி. ஸ்டுடியோவில் நடக்கும் கொலை. தொடரின் தொழிலாளிகள் பலரே அதில் சின்னச் சின்ன வேஷம் கட்டினார்கள். கோர்ட் காட்சியில் நீதிபதி ஆசனத்தில் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், உற்றுப் பாருங்கள். ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னரே தான்.